சி-மேக்ஸ் ஹைபிரிட்: 2013 சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு மைலேஜ் எங்கே கூடியது, எங்கே கூடவில்லை

ஃபோர்டு சி-மேக்ஸ் ஹைபிரிட்டைப் பழைய வண்டியாக வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "2013-ல வந்த அந்த சாஃப்ட்வேர் அப்டேட்டால மைலேஜ் நெசமாவே கூடுச்சா?" கூடியது. ஃப்ரீவேயில் நன்றாகவே தெரிந்தது. பனிக்காலத்தில் பக்கத்தில் போய்வரும் ஓட்டத்தில் ஓரளவு தெரிந்தது. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற ஓட்டத்தில் என் கணக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்டேட் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அது எப்படி அப்படித் தோன்றியது என்பதும் எனக்குப் புரிகிறது, கீழே சொல்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கேன்டனில். வேலை ஆன் ஆர்பரில் ஒரு மருந்தகத்தில். போக வர எம்-14 ஃப்ரீவே. வாரக்கடைசியில் நோவை என்ற ஊரில் இருக்கும் வெங்கடேஸ்வரர் கோயில், மளிகைக் கடை, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு. வருடத்தில் ஓரிரு முறை ஐ-94 வழியாக சிகாகோ. வண்டி 2013 வசந்தத்தில் புதிதாக எடுத்த எஸ்இ மாடல். அதைச் செய்த மிச்சிகன் அசெம்பிளி பிளான்ட் பக்கத்து ஊரான வெய்னில், மிச்சிகன் அவென்யூ மேலேயே இருக்கிறது. 2018-ல் சி-மேக்ஸ் உற்பத்தியை நிறுத்தும்வரை அங்கேதான் செய்தார்கள்.

வண்டியைப் பற்றி நான்கு வரி. எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் அட்கின்சன் வகையைச் சேர்ந்த 2 லிட்டர் எஞ்சின், கூடவே மின் மோட்டார், இரண்டும் சேர்ந்து 188 குதிரைத்திறன். பின்சீட்டுக்குப் பின்னால் 1.4 கிலோவாட் மணி லித்தியம் அயன் பேட்டரி. வீட்டில் செருகி சார்ஜ் ஏற்றும் மாடல் வேறு, அதன் பெயர் எனர்ஜி. என்னுடைய ஹைபிரிட்டில் பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். இதை மனதில் இருத்திக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

2012 இறுதியில் வண்டி விற்பனைக்கு வந்தபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் ஊருக்குள் 47, ஹைவேயில் 47, இரண்டும் சேர்த்து 47 என்று போட்டிருந்தது. கேலனுக்கு 47 மைல் என்றால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். அந்த டிசம்பரிலேயே, பொருட்களைச் சோதித்து எழுதும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகைக்காரர்கள் தாங்களே ஓட்டிப் பார்த்து, எல்லாம் சேர்த்து 37 மைல்தான் வந்தது என்று எழுதினார்கள். நான் அதைப் படித்து, 37 என்று மனதில் வைத்துக்கொண்டுதான் வாங்கினேன். உயரமாக உட்கார்ந்து ஓட்டலாம், முட்டி வலி இருக்கிற என் மாமியார் குனியாமல் ஏறி இறங்கலாம், ஏறுமுகமான ராம்ப்பில் ஃப்ரீவேக்குள் நுழையும்போது வண்டி திணறாது. இவைதான் என் காரணங்கள். மைலேஜை விடாமல் குறித்துவைத்தது வேறு காரணத்தால்.

அப்பா திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநர். நாகர்கோவில் - சென்னை ராத்திரி வண்டி. டிப்போவில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கே.எம்.பி.எல்., அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பார்கள். லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் ஓடுகிற பஸ்ஸில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்கே மரியாதை உண்டு. வீட்டிலும் அவர் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டேதான் சாப்பிட உட்காருவார். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு டாங்க்கை நிரப்பிவிட்டு எழுதாமல் இருக்க முடியாது. எந்த வண்டியிலும் திரையில் காட்டுகிற மைலேஜும் பம்ப்பில் போட்டுக் கணக்கிடுகிற மைலேஜும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. நான் நம்புவது இரண்டாவதை. முடிந்தவரை அதே கேஸ் ஸ்டேஷன், அதே பம்ப், குழாய் முதல் முறை தானாக நிற்கும்போது நிறுத்திவிடுவது, ஓடிய மைலை ஊற்றிய கேலனால் வகுப்பது. ஒரு டாங்க்கை மட்டும் வைத்து எதுவும் சொல்லக்கூடாது. அரை கேலன் முன்னே பின்னே நிரம்பினாலே எண் ஆடிவிடும். பல டாங்க்குகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஆட்டம் அடங்கும்.

2013 ஜூலையில் ஃபோர்டு அறிவித்தது. 2013 சி-மேக்ஸ் ஹைபிரிட், ஃப்யூஷன் ஹைபிரிட், லிங்கன் எம்கேஇசட் ஹைபிரிட் மூன்றுக்கும், ஏறக்குறைய 77,000 வண்டிகளுக்கு, இலவச சாஃப்ட்வேர் அப்டேட். டீலரிடம் கொண்டுபோனால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் கணினியை மாட்டி ஏற்றுவார்கள். நான் கோடை முடிகிற நேரத்தில் வீட்டருகே உள்ள டீலரிடம் வண்டியைக் காலையில் விட்டுவிட்டு மதியம் எடுத்துக்கொண்டேன். ஒரு பாகத்தையும் கழற்றவில்லை, மாற்றவில்லை.

மாற்றியவை எல்லாம் வண்டியின் முடிவுகளை. மின்சாரத்தில் மட்டும் ஓடக்கூடிய உச்ச வேகத்தை மணிக்கு 62 மைலிலிருந்து 85 மைலுக்கு ஏற்றினார்கள். எஞ்சின் சூடாக எடுத்துக்கொள்ளும் நேரத்தை அதிகபட்சம் பாதிவரை குறைத்தார்கள். முன் கிரில்லுக்குப் பின்னால் திறந்து மூடும் தடுப்புகள் இருக்கின்றன. அவை கூடுதல் நேரம் மூடியிருக்கும்படி செய்தார்கள், மூடியிருந்தால் காற்றின் எதிர்ப்பு குறையும். எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியின் வேகத்தை வெப்பத்துக்குத் தக்கபடி குறைத்தார்கள். ஏசி கம்ப்ரசர் வீணாக ஓடாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

இதில் முதலாவதுதான் எனக்கு அதிகம் கொடுத்தது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இந்த வண்டியில் வழக்கமான கியர்பாக்ஸ் கிடையாது. எஞ்சின், ஜெனரேட்டர், சக்கரம் மூன்றும் ஒரு பிளானட்டரி கியர் தொகுதியில், அதாவது நடுப்பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழலும் அமைப்பில், கோத்திருக்கின்றன. எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு வண்டி ஓடினால், ஓடுகிற வேகத்துக்கு ஏற்ப ஜெனரேட்டர் எதிர்ப்பக்கமாகச் சுழலவேண்டும். வேகம் கூடக் கூட அந்தச் சுழற்சியும் கூடும். அதனால் இத்தகைய ஹைபிரிட்டில் எஞ்சினை எந்த வேகம்வரை அணைத்து வைக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்தே ஆகவேண்டும். அதற்கு முந்தைய தலைமுறை ஃப்யூஷன் ஹைபிரிட்டில் அது மணிக்கு 47 மைல். 2013-ல் 62. அப்டேட்டுக்குப் பிறகு 85.

அப்போது மிச்சிகன் ஃப்ரீவேயில் சட்டப்படியான உச்ச வேகம் 70 மைல். அப்டேட்டுக்கு முன் அந்த வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும், இறக்கத்தில் காலை எடுத்தாலும், எஞ்சின் சுழன்றுகொண்டேதான் இருக்கும். பாரமில்லாமல் சும்மா சுழலும் பெட்ரோல் எஞ்சின், குடிக்கிற எண்ணெய்க்கு ஏற்ற வேலையைத் திருப்பித் தராது. நல்ல பாரத்தில் வேலை வாங்கி, மிஞ்சியதை பேட்டரியில் சேர்த்து, பிறகு எஞ்சினை முழுவதுமாக அணைத்துவிடுவதுதான் லாபம். ஹைபிரிட்டின் தொழிலே அது. அந்தத் தொழிலைச் செய்ய 62-க்கு மேல் இந்த வண்டிக்கு அனுமதி இல்லாமல் இருந்தது.

அரசாங்க ஹைவே சோதனையின் கதையை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின், அதாவது இ.பி.ஏ.வின் வாகனப் பரிசோதனைக்கூடம் நான் வேலை பார்க்கும் ஆன் ஆர்பரில்தான், பிளிமத் சாலையில் இருக்கிறது. எல்லா வண்டியையும் அவர்களே ஓட்டிப் பார்ப்பதில்லை. தயாரிப்பாளர்கள் சோதித்துக் கொடுக்கும் எண்ணில் ஒரு பங்கை மட்டும் திரும்பச் சரிபார்க்கிறார்கள். சோதனை எல்லாம் உருளைமேல் நிற்க வைத்து ஓட்டுவது. அதில் பல ஆண்டுகளாக இருந்துவரும் ஹைவே சோதனையில் வண்டி தொடும் உச்ச வேகம் 60 மைல். பழைய வரம்பு 62. அதாவது அந்தச் சோதனை முழுவதிலும் எஞ்சினை அணைத்து அணைத்து ஓட வண்டிக்கு வாய்ப்பு இருந்தது. எம்-14-ல் 70-ல் போகிற எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. கூடுதல் வேகத்துக்கும் குளிருக்கும் ஏசிக்கும் தனித்தனிச் சோதனைகள் 2008 மாடல்களிலிருந்து இருக்கின்றன என்றாலும், அந்த இடைவெளி என் டாங்க் கணக்கில் தெரிந்தது. வரம்பு 85 ஆனதும் ஃப்ரீவேயில் நான் ஓட்டுகிற வேகம் முழுவதும் அதற்குள் வந்துவிட்டது.

ஆன் ஆர்பரை நெருங்கும்போது எம்-14 ஹியூரான் ஆற்றை நோக்கி இறங்கும். பெரிய இறக்கம் ஒன்றும் இல்லை. மிச்சிகனில் மலை எங்கே இருக்கிறது! அப்டேட் போட்ட பிறகு அந்த இறக்கத்தில் முதல் முறை எஞ்சின் அணைந்தது. 68 மைல் வேகத்தில், முழுவதும் அமைதியாக, டயர்ச் சத்தம் மட்டும். பிறகு கவனித்துக் கவனித்துப் பார்த்தேன். லாரிக்குப் பின்னால் வேகம் தணியும்போது அணைகிறது. வெளியேறும் ராம்ப்புக்கு வெகு தூரம் முன்னாலேயே அணைகிறது. சமதரையில்கூட பேட்டரி நிறைந்திருந்தால் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அணைந்து, பிறகு மெதுவாக எழுகிறது. இந்த பேட்டரியை வைத்து 70-ல் நீண்ட நேரம் ஓட முடியாது. ஓடவும் வேண்டாம். இப்படித் துண்டு துண்டாக நிற்பதுதான் மைலேஜ்.

எண்ணாகச் சொன்னால், முழுக்க ஃப்ரீவேயில் 70-ஐ ஒட்டி ஓட்டிய கோடைக்கால டாங்க்குகள் முன்பு 37-ஐச் சுற்றி நின்றன. அப்டேட்டுக்குப் பிறகு அடுத்த கோடையில் 40-ஐச் சுற்றி. லிட்டருக்கு 15.7 கிலோமீட்டர் 17 ஆனது. 65-க்கு இறங்கி ஓட்டினால் இன்னும் கூடும். 75-க்கு மேல் போனால் அப்டேட் கொடுத்தது முழுவதையும் காற்று வாங்கிக்கொள்ளும். வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டுகிறவருக்கு 37-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 24 கேலன். 2013-ல் இங்கே கேலன் மூன்றரை டாலரை ஒட்டி விற்றது. எண்பது சொச்சம் டாலர் மிச்சம். ஒரு பைசா செலவில்லாமல், ஒரு பாகத்தையும் மாற்றாமல், காலையில் விட்டு மதியம் எடுத்த வண்டிக்கு இது நல்ல கொடுப்பினை என்றே நினைக்கிறேன்.

மேலே "அடுத்த கோடையில்" என்று சொன்னதைக் கவனியுங்கள். அப்டேட் போட்டதும் மைலேஜ் குறைந்தது என்று சொல்கிறவர்களின் விஷயம் இங்கேதான் இருக்கிறது. டீலர்களிடம் அப்டேட் வந்தது 2013 ஆகஸ்டில். பெரும்பாலானோர் போட்டது ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள். அதற்குப் பிறகு மிச்சிகனில் என்ன வரும்? குளிர் வரும். அந்த வருடம் சாதாரணக் குளிர்கூட இல்லை. 2014 ஜனவரியில் துருவக்காற்றுச் சுழல் இறங்கி, பள்ளிகளை நாள்கணக்கில் மூடிய குளிர்காலம் அது. கோடையில் அளந்ததை அந்தக் குளிரோடு ஒப்பிட்டால் எந்த ஹைபிரிட்டும் தோற்கும்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கே இருக்கிறது. வெளியே 77 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கிடைக்கும் ஊருக்குள்ளான மைலேஜ், 20 டிகிரிக்கு, அதாவது நம் கணக்கில் மைனஸ் 7-க்கு இறங்கினால், சாதாரண பெட்ரோல் காரில் சுமார் 15 சதவீதம் குறையும். ஹைபிரிட்டில் 30 முதல் 34 சதவீதம்வரை குறையும். ஹைபிரிட் சேமிப்பதே எஞ்சினை அணைத்து வைப்பதால். குளிரில் அணைக்க முடியாது. எஞ்சின் சூடேற வேண்டும், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சூடேற வேண்டும், உள்ளே உட்கார்ந்திருக்கிற நமக்கும் வெப்பம் வேண்டும். ஹீட்டரின் வெப்பம் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. பேட்டரியும் குளிரில் மின்சாரத்தைத் தயங்கித் தயங்கித்தான் வாங்கும், கொடுக்கும். டயரில் காற்றழுத்தம் பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம் இறங்கும். குளிர்காலத்துக்கென்று கலக்கும் பெட்ரோலில் சக்தியும் சற்றுக் குறைவு. இத்தனையும் சேர்ந்து அமுக்கும்போது அப்டேட் கொடுத்த இரண்டு மூன்று மைல் எங்கே தெரியும்?

அதனால் நான் குளிர்காலத்தைக் குளிர்காலத்தோடுதான் ஒப்பிடவேண்டும் என்று இருந்தேன். என் வண்டி வசந்தத்தில் வந்தது, அப்டேட்டுக்கு முந்தைய குளிர்காலம் அதற்கு இல்லை. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் இங்கே காலையில் உறைபனி இருக்கும். அந்த நாட்களின் டாங்க்குகளை அடுத்த வருடம் அதே மாதங்களோடு வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் வந்தது பக்கத்தில் போய்வரும் ஓட்டத்தில். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு மளிகை வாங்கி வீடு திரும்புவது போன்றவை. முன்பு வீட்டை விட்டுக் கிளம்பிப் பள்ளி வரும்வரை எஞ்சின் அணையவே அணையாது. இப்போது பாதி வழியில் அணைய ஆரம்பித்தது. 31, 32 என்று இருந்தது 33, 34 ஆனது. பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் சூடாகும் நேரத்தைக் குறைத்தோம் என்று அவர்கள் சொன்னது என் தெருவிலேயே கண்ணுக்குத் தெரிந்தது.

குளிர்காலத்தில் எனக்குக் கூடுதலாகக் கைகொடுத்தது ஹீட்டரை அளவாக வைப்பதும், சீட்டின் மேல் போட்ட சூடேற்றும் விரிப்பும், மாதம் ஒரு முறை டயரில் காற்று பார்ப்பதும். கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குக் காற்று இருந்தால் போதும். அதோடு, இந்த வண்டியோடு வரும் மிஷெலின் எனர்ஜி சேவர் டயர் உருளும் தடை குறைந்த வகை. தேய்ந்து மாற்றும்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு வகை போட்டால் அப்டேட் கொடுத்தது டயரில் போய்விடும்.

ஊருக்குள் வித்தியாசம் இல்லை என்றேன். ஃபோர்ட் சாலையில் கேன்டனிலிருந்து கிழக்கே போனால் வேகம் 45-ஐத் தாண்டாது, சிக்னல் வந்துகொண்டே இருக்கும். அந்த வேகத்தில் எஞ்சினை அணைக்க முதல் நாளிலிருந்தே அனுமதி இருந்தது. புதிதாகக் கொடுக்க ஒன்றும் இல்லை. அங்கே மைலேஜை முடிவு செய்வது பிரேக் பிடிக்கும் காலும், எதிரே வரும் சிக்னலை முன்கூட்டிப் பார்க்கும் கண்ணும். வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் பிரேக்கில் எத்தனை சதவீதத்தை மின்சாரமாக மீட்டாய் என்று திரையில் காட்டும். எனக்கு அந்த எண் மிகவும் பிடிக்கும். 95-க்குக் கீழே போனால் அடுத்த சிக்னலில் இன்னும் முன்னதாகவே, இன்னும் மெதுவாகப் பிரேக் தொடுவேன். இன்னொன்று இவி பிளஸ். அடிக்கடி போகும் இடங்களை ஜிபிஎஸ் வழியாகக் கற்றுக்கொண்டு, அந்த இடத்தை நெருங்கும்போது முடிந்தவரை மின்சாரத்திலேயே ஓட்டும். எங்கள் தெருமுனை திரும்பியதும் அந்த எழுத்து எரியும். ராத்திரி வேலை முடிந்து வரும்போது அக்கம்பக்கத்தில் யாரையும் எழுப்பாமல் வாசலில் வந்து நிற்கும்.

2014 கோடையில் அப்பா வந்திருந்தார். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் முன்சீட்டில் உட்கார்ந்தால் சாலையை ஓட்டுநர் கண்ணோடுதான் பார்ப்பார். எம்-14 இறக்கத்தில் எஞ்சின் அணைந்ததும் திரும்பிப் பார்த்தார்.

"மக்ளே, வண்டி நின்னு போச்சா?"

"இல்லப்பா, எஞ்சின் மட்டும்தான் நின்னிருக்கு. வண்டி ஓடுது."

"எறக்கத்துல எஞ்சின ஆஃப் பண்ணவே கூடாது. பிரேக்குக்குக் காத்து எங்கேருந்து வரும்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. பஸ்ஸில் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது, அந்தக் காற்றை நிரப்பும் கம்ப்ரசர் எஞ்சினால் ஓடுவது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினால் இருக்கிற காற்று தீர்ந்ததும் கதை முடிந்தது. இந்த வண்டியில் பிரேக்குக்கான உதவி எஞ்சினை நம்பி இல்லை, ஸ்டீயரிங்கும் மின்சாரம், ஏசி கம்ப்ரசரும் மின்சாரம். இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து இழுக்கும், அப்படிப் பிடிக்கிற சக்தி பேட்டரிக்குப் போகும் என்று சொன்னேன். அவர் அதை வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார். வீட்டில் இறங்கியதும் என் நோட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கேலனையும் மைலையும் லிட்டராகவும் கிலோமீட்டராகவும் மாற்றி எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கங்களில் இரண்டு பேருடைய கையெழுத்தும் இருக்கிறது. "பதினேழு குடுக்குது, ஏசியும் போட்டுக்கிட்டு. நல்ல வண்டி" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

இனி, அந்தத் தாளில் இருந்த 47-க்கு என்ன ஆனது என்ற விஷயம். அப்டேட் வந்த அதே 2013 ஆகஸ்டில் ஃபோர்டு சி-மேக்ஸ் ஹைபிரிட்டின் எண்ணைத் தானாக முன்வந்து குறைத்தது. ஊருக்குள் 45, ஹைவேயில் 40, சேர்த்து 43. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்ததால் அப்டேட்தான் மைலேஜைக் குறைத்துவிட்டது என்று பலர் குழம்பினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரே எஞ்சின், ஒரே கியர்பாக்ஸ், ஒரே எடைப் பிரிவு என்றால் ஒரு வண்டியைச் சோதித்து வந்த எண்ணை அதன் உறவு வண்டிக்கும் போட்டுக்கொள்ள இ.பி.ஏ. விதி 1970களிலிருந்தே இடம் கொடுத்தது. அப்படித்தான் ஃப்யூஷன் ஹைபிரிட்டின் 47 சி-மேக்ஸுக்கும் வந்தது. ஃப்யூஷன் தாழ்ந்து வழுக்கிப் போகிற செடான். சி-மேக்ஸ் உயரமான வண்டி, காற்று அதை அதிகமாகத் தள்ளும். எரிபொருள் குறைவாகக் குடிக்கும் வண்டியில் இந்த மாதிரிச் சிறு வித்தியாசங்கள்கூடப் பெரிதாகத் தெரியும் என்று இ.பி.ஏ. அப்போது விளக்கியது. வாங்கியவர்களுக்கு ஃபோர்டு 550 டாலர் அனுப்பியது, லீஸ் எடுத்தவர்களுக்கு 325.

2014 ஜூனில் மறுபடியும் குறைந்தது: ஊருக்குள் 42, ஹைவேயில் 37, சேர்த்து 40. இந்த முறை காரணம் வேறு. காற்றுச் சுரங்கத்தில் அளந்த எதிர்ப்பை உருளைச் சோதனைக்கு மாற்றும் கணக்கில் பிழை இருந்ததை ஃபோர்டே கண்டுபிடித்துச் சொன்னது. ஃப்யூஷன், லிங்கன் ஹைபிரிட்களும் சேர்த்து ஆறு மாடல்கள் அதில் அடங்கின. அப்போதும் உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அந்த 40-ஐப் பார்த்தபோது, என் நோட்டில் எல்லாம் கலந்து கோடையில் வரும் எண் அதுவாகவே இருந்தது. ஒட்டுத்தாளும் என் பம்ப்பும் ஒத்துப்போன முதல் மாதம் அதுதான். எனக்கு அதில் மனநிறைவு உண்டு.

சாஃப்ட்வேரால் முடியாததும் இதே கதைக்குள்தான் இருக்கிறது. வண்டியின் உயரத்தை அதனால் குறைக்க முடியாது. 2014 மாடலில் ஃபோர்டு முன்டயருக்கு முன்னால் காற்றைத் திருப்பும் தகடு, கண்ணாடி ஓரத் தூணில் புது மூடி, பானெட் ஓரத்தில் ரப்பர், பின்கதவில் காற்றுத் தடுப்பு, உராய்வு குறைந்த எஞ்சின் ஆயில், மாற்றிய கியர் விகிதம் என்று பாகங்களிலேயே கை வைக்கவேண்டியிருந்தது. இவை 2013 வண்டிக்கு அப்டேட்டில் வந்து சேராது. எனவே பழைய வண்டி பார்க்கிறவர்கள் 2014 மாடலையோ அதற்குப் பிந்தையதையோ எடுப்பது நல்லது. நல்ல நிலையில் 2013 கிடைத்தால் விலை குறைத்துக் கேட்டு வாங்கலாம்.

மற்றவை சுருக்கமாக. சீட் உயரம் அருமை, நான்கு மணி நேரம் சிகாகோ ஓட்டத்திலும் இடுப்பு வலிக்காது. பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்காரலாம் என்றாலும் நடுவில் உட்காருபவர் ஒல்லியாக இருக்கவேண்டும். டிக்கியின் தரை பேட்டரியால் உயர்ந்துவிட்டது. பத்து கிலோ அரிசிப் பைகள் அடுக்கலாம், பெரிய பெட்டி நிமிர்ந்து நிற்காது. ஸ்டெப்னி கிடையாது, காற்றடிக்கும் கருவியும் ஒட்டும் திரவமும்தான் கொடுக்கிறார்கள். நீண்ட பயணம் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கிளம்பவேண்டும். டாங்க் 13.5 கேலன், ஒரு முறை நிரப்பினால் சிகாகோ போய்ச் சேர்ந்து, அங்கே சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில்தான் மறுபடி நிரப்புவேன்.

2013 வண்டியை இப்போது வாங்குகிறவர்கள் செய்யவேண்டியது: வண்டியின் விஐஎன் என்ற அடையாள எண்ணை எந்த ஃபோர்டு டீலரின் சர்வீஸ் பிரிவில் கொடுத்தாலும் அந்த அப்டேட் ஏற்றியிருக்கிறதா என்று பதிவில் பார்த்துச் சொல்வார்கள். கையில் பதிவு இல்லாவிட்டாலும் ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஃப்ரீவேயில் 68, 70-ல் போங்கள். லேசான இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாகத் தளர்த்துங்கள். திரையில் மின் ஓட்டத்தின் பச்சைக் குறி வந்து எஞ்சின் அணைந்தால் அப்டேட் இருக்கிறது. பேட்டரி கொஞ்சமாவது நிறைந்திருக்கும்போது, இரண்டு மூன்று இறக்கத்தில் செய்து பார்த்தும் 62-க்குக் கீழே வரும்வரை எஞ்சின் அணையவே இல்லை என்றால், விலை பேசும்முன் டீலரிடம் கேட்டுவிடுங்கள்.